மச்சினனுக்கு நான் வைத்த பட்டம்

எண்பத்து நாலாம் ஆண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் காலை. கல்முனையிலிருந்து அம்பாறைக்குப் போகிற பஸ்ஸில், சம்மாந்துறை தாண்டி வயல்வெளி தொடங்குகிற இடத்தில் நடந்தது இது. இந்தக் கதையை நான் தேநீர்க் கடைகளில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூறு தடவையும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு வரும் இடங்களை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுவேன். அந்த மிச்சம் இருபது வருடமாக என் தொண்டையில் கிடக்கிறது. இன்றைக்கு அதையும் சேர்த்து எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்பது போகப் போகத் தெரியும்.

என் மனைவியின் தம்பி ஒரு கோல்ப் விளையாட்டுக்காரன். பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆளல்ல, அதுதான் அவன் பிழைப்பு. சாய்ந்தமருதுக்காரன் ஒருவனுக்குக் கோல்ப் எப்படிப் பிழைப்பானது என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரே கேட்டது.

பதினைந்து வயதில் மலைநாட்டு நகரம் ஒன்றில் உறவினர் வைத்திருந்த துணிக்கடைக்கு வேலைக்குப் போனான். கடைக்குப் பின்னால் கோல்ப் மைதானம். ஒரு வருடத்தில் கடையை விட்டுவிட்டு, துரைமாரின் பைகளைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் பின்னால் நடக்கிற வேலைக்குப் போய்விட்டான். பை சுமப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பது, பற்றைக்குள் போனால் தேடி எடுப்பது. வாரத்தில் ஒரு நாள் பை சுமப்பவர்களும் விளையாடலாம் என்றொரு வழக்கம் அங்கே இருந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் சுமந்தான். தன் நாட்டுக்குத் திரும்பிய வயதான தோட்டத்துரை ஒருவர், மரத்தண்டு போட்ட பழைய ஏழாம் நம்பர் இரும்பு, அதாவது பந்தடிக்கிற கம்பு ஒன்றை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கைபிடிக்கிற இடத்தில் தோல் உரிந்து கிடந்தது. மருதமுனையிலிருந்து கைலிச் சாரன் நெய்கிற நூல் வாங்கி, அதை இறுக்கச் சுற்றிக்கொண்டான். மூன்று வருடம் அந்த ஒற்றைக் கம்பை வைத்துக்கொண்டே எல்லா அடியும் பழகினான்.

எழுபதுகளின் கடைசியில் பை சுமப்பவர்களுக்கான போட்டியில் முதலாவதாக வந்தான். பிறகு அங்கேயே பயிற்றுநருக்கு உதவியாள். பிறகு சம்பளத்துக்கு விளையாடுபவர்களோடு கொழும்பில் போட்டி. ஒரு முறை நாலாமிடம், ஒரு முறை மூன்றாமிடம்.

அவன் ஆட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மலையில் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் பந்தை வானத்துக்கு அனுப்புவார்கள். மலைக் காற்று அதைப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய்ப் போடும். இவனுடைய பந்து தென்னை உயரத்துக்கு மேல் எழும்பாது. காற்றுக்கு அடியால் நுழைந்து போகும். கையை அதிகம் ஓங்கவும் மாட்டான். முதலில் இடுப்பு திரும்பும், கை பின்னால் வரும். யார் சொல்லித் தந்தது என்று துரைமார் கேட்டார்களாம். சின்ன வயதில் கடலோடு போய்ச் சேரும் எங்கள் ஊர்த் தோணாக் கால்வாயில் வீச்சுவலை வீசியவன் அவன். வலை வட்டமாக விரிய வேண்டுமென்றால் இடுப்புத்தான் முந்த வேண்டும். அதை அவன் இங்கிலீசில் எப்படிச் சொன்னானோ தெரியாது.

மணற்குழிக்குள் பந்து விழுந்தால் மற்றவர்களுக்கு முகம் செத்துவிடும். இவன் கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்தவன், வீட்டு முற்றத்துக்குள் போவதுபோல் குழிக்குள் இறங்குவான். இன்னொன்று, அடித்த பந்தை அவன் பார்க்க மாட்டான். அடித்த உடனே குனிந்து, பெயர்ந்த புல்லை எடுத்து வைத்துக் காலால் மிதிப்பான்.

"எங்க போகுதெண்டு பாக்கமாட்டியா?" என்று கேட்டேன்.

"அது கைக்குத் தெரியும் மச்சான். மத்தாக்கள்ட பந்த எத்தின வருசம் பாத்துத் திரிஞ்சன், போதும்" என்றான்.

அவன் அதிகம் கதைக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் கதைப்பேன். ஊருக்கு வந்து தேநீர்க் கடையில் அந்த மைதானத்தை வர்ணித்தேன். "எத்தின ஏக்கர்?" என்றார் நிறைய வயல் வைத்திருக்கும் ஒரு போடியார். நூறு இருக்கும் என்றேன். "நெல்லா?" புல் என்றேன். "மாடு எத்தின?" ஒரு மாடும் இல்லை என்றேன். மனிதர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். "நூறு ஏக்கர் புல்லுக்கு ஒரு மாடு இல்லையா? அல்லாஹ் கேப்பான்டா அவனுகள!" என்று திட்டிக்கொண்டே போனார். அவருக்கு வந்த கோபம் எனக்கு நல்ல சரக்காகிவிட்டது. ஆறு மாதம் அதை வைத்துக் கடையைச் சிரிக்க வைத்தேன்.

அந்தக் கடையில்தான் அவனுக்குப் பட்டம் வைத்தேன். அவன் ஊருக்கு வரும்போது பையில் வெள்ளைப் பந்துகள் கொண்டுவருவான். சின்னது, கல்லுப்போல் இருக்கும். மண்டையில் பட்டால் மௌத்துத்தான். நான் அதற்குக் குண்டு என்று பெயர் வைத்தேன். குண்டு அடிக்கிறவன் குண்டுக்காரன். எழுபத்தெட்டிலோ ஒன்பதிலோ. அப்போது அது வெறும் பகிடிச் சொல். ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. அதிகாலையில் கடற்கரையில் அவன் மணலில் அடித்துப் பழகும்போது, கரைவலை இழுக்கிறவர்கள்கூட, "குண்டுக்காரா, தோணியில பட்டிரும், பாத்து அடி" என்பார்கள். அவன் சிரிக்க மாட்டான், கோபிக்கவும் மாட்டான். அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கூடச் சொன்னேன்.

எண்பத்து மூன்றில் கலவரம் வந்து சண்டை தொடங்கிய பிறகு நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. நாடு மாறிவிட்டதென்று என் மூளைக்குத் தெரியும். நாக்குக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெருநாளுக்கு வந்தவனுக்கு ஒரு பெரிய போட்டி காத்திருந்தது. மைதானத்தின் பழைய பயிற்றுநர் விலகுகிறார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். போட்டியில் முதலாவது வருகிறவனுக்கு வேலை, வீடு, நிரந்தரச் சம்பளம். வராதவன் மறுபடி பை சுமக்கலாம். பெருநாள் முடிந்து மூன்றாம் நாளுக்கு அடுத்த காலை ஏழு மணிக்குப் போட்டி. பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அம்பாறையிலிருந்து பத்தரைக்கு மலைக்கு ஒரு பஸ் இருந்தது. அதைப் பிடித்தால் இரவுக்குள் போய்ச் சேரலாம். அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

என் மனைவிக்குப் பயம். "இஞ்ச பாருங்க, இளந்தாரி தனியப் போறான். கம்பும் கிம்புமாக் கொண்டு போறான். வழியில கேட்டா அவன் வாயத் துறக்க மாட்டான். நீங்களும் அம்பாறை மட்டும் கூடப் போங்க. உங்களுக்குச் சிங்களம் தெரியுமே" என்றாள்.

எனக்குச் சிங்களம் தெரியும் என்று வீட்டில் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அம்பாறைச் சந்தையில் மருதமுனைச் சாரன் விற்கிறவன் நான். என் சிங்களம் முழுக்கச் சாரன் சிங்களம். 'கீயத' என்றால் எவ்வளவு. 'லாபய்' என்றால் மலிவு. 'ஹொந்த படு' என்றால் நல்ல சாமான். 'பாட்ட யன்னே நே' என்றால் சாயம் போகாது. இந்த நாலோடு எண்ணிக்கையும் சேர்ந்தால் என் அகராதி முடிந்தது. ஆனால் என் மச்சினன் பத்து வருடம் மலையில் இருந்தவன், அந்த ஊர்க்காரனைப்போலவே சிங்களம் கதைப்பான். அது மனைவிக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. இருந்தும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானிருக்கன், நீ பயப்படாத" என்றேன்.

பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் எங்கள் ஊர்க் கடை முதலாளி ஒருவர் இருந்தார். முந்தாநாள்தான் எங்கள் வீட்டில் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தன் மகனுக்கு மலையில் ஒரு வேலை பார்த்துத் தரும்படி மச்சினனின் கையைப் பிடித்துக் கேட்டவர். சலாம் சொன்னார், சிரித்தார்.

சம்மாந்துறை தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. மணல் மூட்டை அடுக்கி, வீதிக்குக் குறுக்கே மரம் போட்டிருந்தார்கள். எல்லோரையும் இறக்கி, சாமான்களைத் திறக்கச் சொன்னார்கள். பொறுப்பிலிருந்த அதிகாரிக்கு என்னைவிட வயது குறைவு. முகமெல்லாம் வியர்வை. அவருக்கும் பயம்தான் என்று இப்போது தெரிகிறது, அப்போது எனக்குத் தெரிந்தது துவக்கு மட்டும். மச்சினனின் நீளப் பையை நுனிக்காலால் தட்டினார். உள்ளே இரும்பு கலகலத்தது. பை வாயைத் திறந்து கையை விட்டு ஒரு வெள்ளைப் பந்தை எடுத்தார்.

"மே மொனவத?"

இது என்ன என்று கேட்கிறார். அவ்வளவுதான். மச்சினன் வாய் திறந்தான். அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு நிமிடத்தில் பஸ்ஸில் ஏறியிருப்போம். நான் முந்திக்கொண்டேன். பந்துக்குச் சிங்களத்தில் என்ன என்று தேடினேன், கிடைக்கவில்லை. வாயில் தயாராக இருந்தது வந்துவிட்டது.

"குண்டு, சேர்."

அவருக்குத் தமிழில் வேறு சொல் தெரிந்திருக்குமோ என்னவோ, அந்த ஒன்று நன்றாகத் தெரியும். கை அப்படியே நின்றது. பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குண்டு?"

"ஓம் சேர், குண்டு, சும்மா குண்டு." அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தேன். சமாளிக்க வேண்டுமே. தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். "ஹொந்த படு, சேர்! லாபய்!"

நல்ல சாமான், மலிவு. சோதனைச் சாவடியில் நின்று ஒரு அதிகாரிக்குக் குண்டு விற்றவன் இந்த இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தேநீர்க் கடையில் சொல்லும்போது "பாட்ட யன்னே நே" என்றும் சொன்னதாகச் சேர்ப்பேன். உண்மையில் சொன்னேனா, பிறகு கதைக்காகச் சேர்த்தேனா என்று எனக்கே இப்போது தெரியாது.

ஒரு நொடியில் எங்களைச் சுற்றி வெளியாகிவிட்டது. பயணிகள் பத்தடி பின்னால். அதிகாரி விலகிய வேகத்தில் பை கவிழ்ந்தது. எங்கள் இருவரையும் முழங்காலில் இருத்திவிட்டார்கள். மச்சினன் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினான். "வாயை மூடு" என்று ஒரு சத்தம். அவன் சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் செய்தது என் வாய்.

அதிகாரி பயணிகளிடம் திரும்பி, இவர்களை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். முதலாளிக்கு எங்களைத் தெரியும். சிங்களமும் நல்லாத் தெரியும். மனிதர் வயலைப் பார்த்தார். வெட்டு முடிந்து வெறும் ஒட்டுத்தாள் கிடக்கிற வயலை, பொன் விளைந்த வயலைப்போல் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை மெல்ல ஆட்டினார். தெரியாது.

எனக்குள் பயம் இருந்த இடத்தில் நெருப்புப் பிடித்தது. ஆனாலும் முழங்காலில் இருந்தேன்.

அப்போது மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்து, "சரம் முதலாளி!" என்றான். சாரன் முதலாளி என்று அர்த்தம். என்னிடம் சந்தையில் சாரன் வாங்கியவனாம். ஆபத்தில் அல்லாஹ் அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். அவன் கிட்ட வந்து என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "பாட்ட கியா!" என்றான்.

சாயம் போய்விட்டதாம்.

மற்றச் சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரியின் வாயும் கொஞ்சம் கோணியது. என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நீ போகலாம் என்று கை காட்டினார். பிறகு பையைக் காட்டி, யாருடையது என்றார்.

"மகே" என்றான் மச்சினன். என்னுடையது. என் பக்கம் திரும்பி மெதுவாக, "நீங்க போங்க மச்சான். ராத்தா பாத்துக்கொண்டு இருப்பா" என்றான். ராத்தா என்றது அவன் அக்காவை, என் மனைவியை.

பஸ் ஹோர்ன் அடித்தது. நான் என்ன செய்தேன் என்று கடையில் சொன்னதே இல்லை. ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன். யோசிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கால் ஓடியது, நான் அதற்குப் பின்னால் போனேன். சீட்டில் இருந்து மூச்சு வாங்கும்போதுதான் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தேன். என் வலக்கைப் பொத்திக்குள் ஏதோ உறுத்தியது. விரித்தால் வெள்ளைப் பந்து. பை கவிழ்ந்தபோது காலடியில் உருண்டதை எப்போது எடுத்தேனோ தெரியாது.

முதலாளி திரும்பி, "நமக்கென்ன தம்பி, அவங்க விசாரிச்சுப்போட்டு உட்டிருவாங்க. நீங்க சும்மா இரிங்க" என்றார்.

அப்போதுதான் வெடித்தேன். "முந்தநாள் எங்கட ஊட்டுச் சோத்தத் திண்ட வாய்தானே முதலாளி அது! தெரியாதெண்டு தலையாட்ட எப்படி மனசு வந்திச்சு? உங்கட மகனுக்கு வேல கேக்கக்குள்ள மட்டும் அவனத் தெரியுமா?"

"நீங்களுந்தானே ஏறி வந்தீங்க" என்றார் அவர்.

அதைக் கேட்டதும் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லிக் கத்தினேன். கொண்டக்டர் திட்டினார். இறங்கினேன்.

ஒரு மைல் இருக்கும். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓடினேன். முதலாளியைத் திட்டிக்கொண்டே ஓடினேன். திட்டத் திட்ட வேகம் கூடியது. சாவடி தெரிந்ததும் இன்னும் வேகமாக ஓடினேன். துவக்கு வைத்திருப்பவர்களை நோக்கி, கத்திக்கொண்டு, கையைப் பொத்தியபடி ஒருவன் ஓடி வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு மடையனுக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.

நில் என்றார்கள். நின்றேன். கையைத் தூக்கு என்றார்கள். இரண்டு கையையும் தூக்கி, நல்ல பிள்ளையாக விரல்களை விரித்தேன். வலக்கையில் வெள்ளைப் பந்து.

அத்தனை பேரும் மூட்டைக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். வீதியில் நானும் பந்தும் மட்டும். எறிந்தால் சுடுவார்கள். கீழே போட்டாலும் சுடுவார்கள். வாய்க்குள் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். தெரிந்த ஓதல்கள் எல்லாம் மறந்துவிட்டன. நினைவுக்கு வந்தது 'லாபய்' மட்டும்.

"ஏக்க போலயக்!" என்று ஒரு குரல். மச்சினனுடையது. அது ஒரு பந்து என்று அர்த்தம். போலய. எனக்குத் தெரியாமல் போன சொல் அதுதான். "சுட வேண்டாம், அவருக்குப் பைத்தியம், என் அக்காவின் புருசன்" என்றும் சொன்னானாம். என் உயிரைக் காப்பாற்றியது எனக்குப் பைத்தியம் என்ற தகவல்தான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். பயம் இறங்கினால் வருகிற சிரிப்பு அது, நிற்காது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சினன் அமைதியாக, தான் யார், என்ன விளையாட்டு, நாளைக்கு என்ன போட்டி, எத்தனை மணிக்குப் பஸ் என்று எல்லாவற்றையும் சொன்னான். மணி ஒன்பது. இன்னும் நேரம் இருந்தது.

"அடித்துக் காட்டு பார்ப்போம்" என்றார் அதிகாரி.

தூர வரம்பில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்தார்கள். மச்சினன் ஏழாம் நம்பர் இரும்பை எடுத்தான். வீதியோர மணலில் பந்தை வைத்து, இடுப்பைத் திருப்பினான். பந்து தாழப் பறந்து தகரத்தில் அடித்த சத்தம் வயலெல்லாம் கேட்டது. சிப்பாய்கள் கை தட்டினார்கள்.

"தவ எக்கக்!" இன்னொன்று.

அடித்தான். தகரம் விழுந்தது. "தவ எக்கக்!"

இங்கேதான் என் வாய் திறந்துகொண்டது. அவர்கள் சிரிக்கும் மட்டும் எங்களுக்கு ஆபத்தில்லை என்று முதலில் நினைத்தேன். அது உண்மை. முதல் பத்து நிமிடத்துக்கு உண்மை. பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. சிப்பாய்கள் தேநீர் தந்தார்கள். போடியாரின் மாட்டுக் கதையைக் கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன். சாயம் போன சாரனுக்கு நஷ்டஈடு பேசினேன். ஒவ்வொரு அடிக்கும் வானொலிக்காரனைப்போல் அறிவிப்புச் செய்தேன். அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்னும் எனக்குக் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

"சேர், பஸ் போயிரும்" என்று மச்சினன் ஒரு தடவை சொன்னான். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் அவர் விட்டிருப்பார். அவர் முகத்தில் அது தெரிந்தது. நான் சொன்னேன்:

"சேர் ஆசப்படுறார், இன்னும் ரெண்டு அடிச்சுக் காட்டன் மச்சான். பஸ் எங்க போப்போகுது?"

பையிலிருந்த பன்னிரண்டு பந்தும் வயலிலும் வாய்க்காலிலும் போய் முடிந்தன. பிறகு சிப்பாய்கள் தாங்களும் அடித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கல்லைப் பொறுக்கி வைத்து அடித்தார்கள். சாயக்காரச் சிப்பாய் ஏழாம் நம்பர் இரும்பை வாங்கி, முழுப் பலத்தோடு ஓங்கினான். வீதியோர மைல்கல்லில் விழுந்தது அடி. மரத்தண்டு, கைபிடிக்குக் கீழே முறிந்தது. மருதமுனை நூல் மட்டும் அறாமல், இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

எல்லோரும் சிரித்தார்கள். "வேளாண்ம வெட்டப் போனவன்ட கத்தி மாதிரி!" என்று நான் ஏதோ சொன்னேன். இன்னும் சிரித்தார்கள்.

ஒன்று சொன்னேனே, அடித்த பிறகு அவன் பந்தைப் பார்ப்பதில்லை என்று. அன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் குனியவும் இல்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பன்னிரண்டு தடவை பார்த்தான். நான் அதைக் கண்டேன். கண்டுகொண்டே சிரித்தேன். இரும்பு முறிந்தபோது பதின்மூன்றாம் தடவை பார்த்தான்.

அடுத்து வந்த பஸ்ஸில் அம்பாறைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மலைக்குப் போகிற பஸ் போய்விட்டது. "நான் நிண்டு நாளக்கிப் போறன், நீங்க ஊட்ட போங்க" என்றான். ஒரு கடும் சொல் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவிக்குக் கதையைச் சொன்னேன். குண்டு விற்றதற்குச் சிரித்தாள், சாயம் போனதற்குக் கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அப்ப அவன்ட போட்டி?" என்றாள்.

போட்டியில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை, வெட்டிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். என் மச்சினனிடம் கொழும்பில் இரண்டு முறை தோற்றவராம். ஏன் வரவில்லை என்று துரைமார் கேட்டதற்கு, "பஸ் பிந்திட்டு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ராத்தாவுக்கு எழுதிய கடிதத்திலும் அதே இரண்டு சொல். அதற்குப் பிறகு ஒரு போட்டியில் இரண்டாமிடம் வந்தான். ஆனால் காற்றுக்கு அடியால் போகிற அந்தப் பந்து புதிய கம்பில் சரியாக வரவில்லை என்று மலைக்குப் போய் வந்த ஒருவர் சொன்னார். எண்பதுகளின் கடைசியில் அரபு நாடு ஒன்றுக்கு டிரைவராகப் போனான். கோல்பில் மிகத் தூரம் அடிக்கிற கம்புக்கும் டிரைவர் என்றுதான் பெயர். நல்ல பகிடி இது. இதை நான் எந்தக் கடையிலும் சொன்னதில்லை.

இருபது வருடமாக முதலாளியைத்தான் திட்டி வந்தேன். அவர் மௌத்தான அன்றும் மனசுக்குள் திட்டினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்த மனிதர் பயத்தில் ஒரு தடவை தலையை ஆட்டினார். நான் பயமெல்லாம் தெளிந்த பிறகு, தேநீரும் குடித்துவிட்டு, அவன் வாழ்க்கையைச் சிப்பாய்களின் சிரிப்புக்கு விற்றேன். ஹொந்த படு, லாபய்.

என் பொத்திக்குள் அகப்பட்ட அந்த ஒரு பந்து அலுமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க நான் துணிந்ததில்லை, அவனும் கேட்டதில்லை. இப்போதும் நான் பகிடி விடுகிறேன், கடை சிரிக்கிறது, ஆனால் வாய் திறப்பதற்கு முன் சிரிக்காத முகம் ஒன்று அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன். கண்டால் மூடிக்கொள்கிறேன், இருபது வருடம் பிந்தி.